மொழிபெயர்ப்பாளனின் பொறுப்பு

பிறன் சொல்லைத் தன் மொழியிற் பெயர்த்துத் தருபவன் அச்சொல்லுக்குப் பொறுப்பாளியாவானா? குரோஷியக் கவிஞர் தின் உயேவிச்சின் வாழ்வை நோக்குமிடத்து இவ்வினா நம்மைவிட்டு அகல மறுக்கின்றது.

டால்மேஷியாவின் வர்கோராட்ஸ் என்னும் சிற்றூரில், 1891ஆம் ஆண்டில், ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். சாக்றெப் பல்கலைக்கழகத்தில் மொழியும் மெய்யியலும் பயின்றார்; மாத்தோஷ் என்னும் கவிஞருக்குச் சீடராகி, பின்னர் அவரோடு முரண்பட்டுப் பிரிந்தார். ஹாப்ஸ்பேர்க் ஆட்சியை எதிர்த்த இளைஞர் அணியில் நின்றார். 1913 முதல் 1919 வரை பாரிஸில் வாழ்ந்தார். 1920இல் பெல்கிறேட்டில் வெளிவந்த அவரது முதற் கவிதைத் தொகுதியின் பெயர் ‘லெலெக் செப்ரா’. ‘செபர்’ என்பான் பழங்காலப் பண்ணையடிமை. அவனது ஓலமே நூலின் தலைப்பு. பிற்காலத்தில் மதுச்சாலைகளிற் கழிந்த அவரது நாடோடி வாழ்வைச் சொல்லிச் சொல்லிப் பூரிப்போர் பலருளர். அதில் நமக்கு அக்கறையில்லை.

நமக்கு அக்கறையுள்ளது அவரது மொழிபெயர்ப்பே. விற்மன், போ, றாம்போ, புறூஸ்ற், கொன்றாட் எனப் பலரைக் குரோஷிய மொழிக்குக் கொணர்ந்தவர் அவர். சனநாயகத்தின் பெருங்குரலாகிய விற்மனைத் தம் மக்களுக்கு அளித்தமைக்காக நாம் அவரைப் போற்றுகிறோம்.

1941 ஏப்பிரலில் நாஸிப் படைகளின் நிழலில் உஸ்தாஷாக்களின் அரசு சாக்றெப்பில் அமைந்தது. சேர்பியரும் யூதரும் றோமா மக்களும் யசெனோவாட்ஸ் முகாமிற் கொன்று குவிக்கப்பட்ட ஆண்டுகள் அவை. அவ்வாண்டுகளில் உயேவிச் அவ்வாட்சியின் தந்திச் செய்தி நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராகக் கடமையாற்றினார். வயது ஐம்பது, கையிற் காசில்லை.

“வெறும் மொழிபெயர்ப்புத்தானே!” என்பர் அவருக்காக வாதிடுவோர். இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. விற்மனைப் பெயர்த்தது ஆக்கம், அரசின் செய்தியைப் பெயர்த்தது வெறுங் கூலிவேலை என ஒரே கையின் ஒரே தொழிலுக்கு இரண்டு அளவுகோல் வைப்பதெப்படி? முன்னதற்குப் புகழ் உண்டெனின் பின்னதற்குப் பழியும் உண்டு. வேறு வழி இருக்கவில்லை என்றும் சொல்லவியலாது. 1942இன் இறுதியில் விளாதிமிர் நாசோர் என்னும் முதுபெருங் கவிஞர், தமது அறுபத்தாறாம் வயதில், நகரை நீங்கி விடுதலைப் படையினரோடு சேர்ந்தார். உடன்சென்ற இவான் கோறான் கோவாச்சிச்சும் கவிஞர், மொழிபெயர்ப்பாளர். அடுத்த ஆண்டே, முப்பது வயதில், அவர் செற்னிக்குகளாற் கொல்லப்பட்டார்.

ஆயினும், இதனை எழுதும்போது நமது பேனா சற்றே தயங்குகிறது. அரசின் சம்பளம் பெற்று, யாரோ வகுத்த பாடநூலை, அதில் நமக்கு உடன்பாடில்லாத பக்கங்களையுஞ் சேர்த்தே, வகுப்பிற் படிப்பிக்கிறவர்கள் நாம். மாதமுடிவில் வீட்டுச் செலவை எண்ணும்போது நாசோரின் துணிவு நமக்கு எளிதில் வருவதில்லை. உயேவிச்சின் பசி நமக்கு விளங்காததன்று. விளங்குகிறது என்பதற்காக அதனை நியாயம் என்று கொள்ளவும் மனம் ஒப்பவில்லை.

போர் முடிந்தபின் புதிய ஆட்சி அவர் எழுத்தை வெளியிடச் சில ஆண்டுகள் தடைவிதித்தது. இங்கே நாம் நீதிபதிகளோடும் மாறுபடுகிறோம். அவர் செய்ததை மக்கள்முன் வைத்து வாதிட்டிருக்கலாம். அவரையும் விடைகூற வைத்திருக்கலாம். தடையோ அந்த வாதத்தையே மூடிவிட்டது. செய்தி நிறுவனத்து மேசையிற் செய்த பிழைக்கு, அதற்கு இருபதாண்டு முன்னர் அடிமையின் ஓலத்தை எழுதிய கவிஞனின் வாயை அடைப்பது எவ்வகை நீதி? அன்றியும், அத்தண்டனையிற் பாதியை அனுபவித்தவர்கள் வாசகர்களே.

1950இல் அவரது கவிதைத் திரட்டு ஒன்று வெளிவந்தது. 1954இல் ‘ஜெடான் காமென் ந ஸ்ருடென்சு’ என்னும் தொகுதி வந்தது. ஊற்றருகே தாகித்துக் கிடக்கும் கல் என்பது அத்தலைப்பின் பொருள். மறு ஆண்டு நவம்பரில் அவர் சாக்றெப்பிற் காலமானார். தடைவிதித்த அதே ஆட்சியின் கீழ், 1963க்கும் 1967க்குமிடையில், அவரது எழுத்துக்கள் 17 தொகுதிகளாக அச்சேறின.