இடிந்த கோயிலும் மாணாக்கர் நெஞ்சமும்

ஈழத்துப் பாடல்பெற்ற தலங்கள் இரண்டனுள் ஒன்றாகிய திருக்கேதீச்சரம், மாதோட்டத்திலே பாலாவிக் கரைமேல் விளங்குவது. திருஞானசம்பந்தரும் சுந்தரமூர்த்தி நாயனாரும் அதற்குப் பதிகம் அருளினர். மாணாக்கரை அங்கே அழைத்துச் செல்லும் ஆசிரியர், திராவிட முறையில் எழுந்த இராச கோபுரத்தையும், 2022 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் குடமுழுக்குப் பெற்ற கருங்கற்றிருப்பணியையும் காட்டுவர். அப்பொழுது ஒரு சிறுவன், "ஐயா, சம்பந்தர் பாடிய பழைய கோயில் எங்கே?" என வினாவுவானாயின், யாது விடை கூறுவது?

16 ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் இடித்தனர் என்பது மெய். அதனை மறைத்தல் பொய்ம்மையாம். ஆயின், அவ்வளவிலே நிறுத்துவோமாயின், மன்னாரிலே தன்னோடு தமிழ் பேசி வாழுங் கிறித்தவ அயலாரை அச்சிறுவன் பகையாக எண்ணத் தலைப்படுவான். ஆதலின், மெய்யை முழுதுங் கூறுதலே தக்கது. 1544 ஆம் ஆண்டிலே, சைவ மன்னனாகிய சங்கிலி, புதிதாகக் கிறித்தவந் தழுவிய மன்னார்த் தீவினர் நூற்றுக்கணக்கானோரைக் கொல்வித்தான். அப்பழியை இன்றைய சைவர்மேற் சுமத்துதல் முறையோ? அன்றெனின், கோயில் இடித்த பழியை இன்றைய அயலார்மேற் சுமத்துதலும் முறையன்று. செய்த வினை செய்தவனையே சாரும் என்பதன்றோ நமது சித்தாந்தம்?

"இங்ஙனங் கூறின் கோயிலுக்கு நேர்ந்த கொடுமை சிறிதாகிவிடாதோ?" எனின், ஆகாது. கொடுமை கொடுமையே. ஆயினும் அதனினும் நம்மைச் சுடுவதொன்று உண்டு. 1658 இலே போர்த்துக்கேயர் ஆட்சியும், 1796 இலே ஒல்லாந்தர் ஆட்சியும் ஒழிந்தன. அதன் பின்னும் நெடுங்காலம் அத்தலம் காடு மூடிக் கிடந்தது. 1872 இலே ஆறுமுக நாவலர் எடுத்துரைத்து இடித்துரைக்க வேண்டியிருந்தது. 1894 இலே பழைய சிவலிங்கம் வெளிப்பட்டது. 1903 இலே சிறு கோயில் எழுந்தது. "அவர் இடித்தார்" என்னும் ஆசிரியர், "நாம் மறந்தோம்" என்பதனையும் உடன் கூறல் வேண்டும். முன்னது பிறர் குற்றம், நம்மாற் திருத்தலாகாது. பின்னது நம் குற்றம்; இன்றே திருத்தலாகும்.

நாவலர் வழிவந்தோர் பிறர் ஆலயமொன்றையும் இடித்திலர். தம் ஆலயத்தையே எடுத்தனர். சிவராத்திரியிலே பாலாவித் தீர்த்தத்தை அடியார் தம் கையாலே முகந்து இலிங்கப் பெருமானுக்கு ஆட்டும் வழக்கம் அங்கே உண்டு. ஆசிரியன்மீர்! வினாவிய சிறுவன் கையிலே அக்குடத்தைக் கொடுமின். கோபுரத்தை அண்ணாந்து நோக்கிய கண் வீடு சேருமுன் மறக்கும். நீர் சுமந்த கை மறவாது.