கேட்கப்படாத சாட்சி

மரக்காணத்தில் உப்பு விளைகிற மாதங்களில் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு நரிக்குறவர் குடும்பம் வந்து தங்கும். பாசிமணியும் ஊசியும் விற்பார்கள். ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கும்போது போய்விடுவார்கள். அவர்களில் என் வயதுப் பையன் ஒருவன். என் பெயர், என் தெரு, எங்கள் அளத்தின் வரப்பு எல்லாம் அவனுக்குத் தெரியும். நான் அவனை 'டேய்' என்றுதான் கூப்பிட்டேன். என்னிடம் தமிழில் பேசினான். தாயிடம் அவன் பேசிய வாக்ரிபோலியில் ஒரு சொல்கூட நான் கற்கவில்லை. இதை நட்பு என்றே நினைத்திருந்தேன்.

ஒரு வருஷம் உப்புக் கொட்டகையில் இரண்டு மண்வெட்டிகள் காணாமல் போயின. பையன்தான் எடுத்திருப்பான் என்று அவர்கள் மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டினார்கள். முந்தின மாலை முழுக்க அவன் என்னோடு கழியில் நண்டு பிடித்துக்கொண்டிருந்தான். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மறுநாள் அந்த இடம் காலியாக இருந்தது.

பொய் சொல்லாதவன் குற்றமற்றவனா? சிறுவனின் பயம் என்று வெகுகாலம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். யோசித்தால் அது பயமில்லை. உண்மை என்னிடம் இருந்தது. அதை அவனுக்குத் தரவேண்டியிருக்கிறது என்ற பிரக்ஞைதான் இல்லை. பெயர் கேட்கத் தோன்றாத ஒருவனுக்கு நாம் எதற்கும் கடன்பட்டவர்களாக உணர்வதில்லை.

பிறப்பையே குற்றத்துக்குச் சான்றாக்கிய 1871-ம் வருஷச் சட்டம் 1952-ல் ஒழிந்தது. ஆனால் அந்த மனோபாவத்துக்குச் சட்டம் தேவைப்படவில்லை. இந்திய மொழி ஒன்றைச் சுமந்து ஐரோப்பா போன ரோமா மக்களும் ஊர்தோறும் இதே சந்தேகத்தைத்தான் சந்தித்தார்கள். நாஜிகள் அதைக் கொலை வரைக்கும் கொண்டுபோனார்கள். நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது. தாமதமான நியாயம், தேவையான நியாயம். ஆனால் அந்தக் காலையில் நான் சொல்லாததை எந்தப் பட்டியலும் எனக்காகச் சொல்லிவிடாது.

சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. அங்கே ஊர் ஊராக அலையும் பாணருக்குத் தேறலும் சுட்ட மீனும் கிடைக்கின்றன. அந்தப் பெருமையைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவன் நான்.

மூட்டைகளை அவிழ்த்தபோது அவன் என்னைப் பார்த்தான். பெயர் சொல்லி ஒருமுறை கூப்பிட்டிருந்தால் நான் வாய் திறந்திருக்க வேண்டியிருக்கும். அவனுக்கு என் பெயர் தெரியும். அவன் கூப்பிடவில்லை.