டிசிஷனுக்குப் போகுமா?

2023 அக்டோபர் 21, சனிக்கிழமை ராத்திரி. செஞ்சியில் மாமா வீட்டு மொட்டை மாடி. எதிரே ராஜகிரி இருட்டோடு இருட்டாக நின்றது. நானும் மாமா பையனும் ஒரே போனில் அபுதாபி யு.எஃப்.சி. பார்த்துக்கொண்டிருந்தோம். உத்தராகண்டைச் சேர்ந்த அன்ஷுல் ஜுப்லி, அதுவரை தோற்காதவர், அமெரிக்காவின் மைக் பிரீடனோடு மோதினார். ரெண்டு பேருமே ஜுப்லி பக்கம்தான் என்பதால் யார் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்ட வழியில்லை. வேறு மாதிரி கட்டினோம். சண்டை கடைசி மணி வரை ஓடி நடுவர்களின் தீர்ப்புக்கு, அதாவது டிசிஷனுக்குப் போகுமா, இல்லை நடுவிலேயே யாராவது விழுந்துடுவாங்களா?

"போகும்டா" என்றேன். தோற்றவன் புரோட்டா வாங்கித் தரணும்.

நான் குருட்டாம்போக்கில் சொல்லவில்லை. எடை கூடக் கூட ஒரே குத்தில் ஆள் சாயும் வாய்ப்பும் கூடும். இவர்கள் எழுபது கிலோ. ஐந்து நிமிட ரவுண்டு மூன்றுதான், பட்டத்துக்கான சண்டை போல ஐந்து இல்லை. முதல் இரண்டு ரவுண்டும் நான் சொன்னபடியே நகர்ந்தன. மூன்றாவதில் பிரீடனின் குத்துகளில் ஜுப்லி சரிந்தார். ரெஃப்ரி பாய்ந்து தடுத்தார்.

"ச்சே, இன்னும் கொஞ்ச நேரம்தானேடா!" என்று கத்தினேன்.

"யாருக்கு? அவனுக்கா, உன் புரோட்டாவுக்கா?" என்றான் அவன்.

அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. டிசிஷனுக்குப் போகும் என்று சொல்வதை இரக்கமான பந்தயம் என்றே நினைத்திருந்தேன். நடுவில் முடியும் என்பவன் ஒருவன் விழுவதற்காகக் காத்திருக்கிறான். நானோ இருவரும் நிற்க வேண்டும் என்கிறேன். கொஞ்சம் யோசித்தால் அதுவும் பொய். பதினைந்து நிமிடமும் இருவரும் அடி வாங்கிக்கொண்டே நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசையாக இருந்திருக்கிறது. மழை வரும் என்று சொல்கிறவனால் மேகத்துக்கு ஒன்றும் ஆவதில்லை என்பார்கள். என்னாலும் ஜுப்லிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் விழுந்த நொடியில் எனக்கு அவர் முகம் தெரியவில்லை, என் கணக்கு தப்பியது மட்டும்தான் தெரிந்தது.

எதிரே இருந்த மலையே இந்த விளையாட்டைப் பார்த்த மலைதான். 1690இல் தொடங்கிய முகலாய முற்றுகை 1698இல்தான் முடிந்தது. தளபதி சுல்பிகர் கான் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று அவர் காலத்திலேயே சந்தேகப்பட்டார்கள். கோட்டை விழுவதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். சண்டை போடுகிறவனுக்கே அது நீள்வதில் லாபம் இருக்குமென்றால் யார் என்னத்தைக் கணிப்பது?

பதினாறு வருஷம் கழித்து, 1714 அக்டோபர் 3 அன்று, ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி தேசிங்கு ராஜா செத்துப்போனார். அது ஒரே நாளில் முடிந்த சண்டை. எங்க ஆயா அந்தக் கதையைக் கூத்தில் விடிய விடியப் பார்த்தவள். தேசிங்கு சாவான் என்று தெரியாத ஒருத்தரும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்க மாட்டார்கள். கணிக்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் எழுந்து போகவில்லை. கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டு நண்பனோடு சாகக் கிளம்பும் மோவுத்துக்காரன் வரும் இடத்துக்காக, தூங்கும் பிள்ளைகளை எழுப்பி உட்கார வைப்பாளாம். முடிவு தெரிந்திருந்ததால்தான் ஆளைப் பார்க்க முடிந்ததோ என்னவோ.

2024 ஜூனில் அமெரிக்காவின் லூயிவில்லில் பூஜா தோமர், பிரேசிலின் ரயானே டோஸ் சான்டோஸை எதிர்த்து இறங்கினார். மாமா பையன் வழக்கம்போல, "போகுமா?" என்று கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை.

கடைசி மணி வரை ஓடியது. ஒரு நடுவர் 30–27 என்று பூஜாவுக்கு மூன்று ரவுண்டையும் கொடுத்தார். இன்னொருவர் அதே மூன்றையும் ரயானேவுக்குக் கொடுத்தார். மூன்றாமவரின் 29–28 பூஜாவை யு.எஃப்.சி.யில் ஜெயித்த முதல் இந்தியப் பெண்ணாக்கியது. பக்கத்திலேயே உட்கார்ந்து, நடந்து முடிந்ததைச் சொல்லவே மூன்று பேருக்கு ஒத்துப்போகவில்லை.

பந்தயம் கட்டாததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. ஆனால் அவன் கேட்டபோதே உள்ளுக்குள் கணக்கு ஓடி முடிந்திருந்தது: ஐம்பத்திரண்டு கிலோ, மூன்று ரவுண்டு, போகும். புரோட்டா கேட்கவில்லை, அவ்வளவுதான்.