அபய தானமும் அயல்நாட்டார் துயரும்

தானம் நால்வகைப்படும் எனச் சமணப் பெரியோர் வகுத்தனர். ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்பன அவை. முன்னைய மூன்றும் பொருளால் நிறைவேறுவன. அபயமோ அஞ்சிய உயிரின் அச்சத்தை நீக்குதல்; அது கொடுப்பவரின் நடத்தையால் மட்டுமே நிறைவேறும். இல்லறத்தார்க்கு உரைத்த இவ்வறம் நாடுகளுக்கும் பொருந்துமா? ஆட்சி குலைந்து, உணவும் மருந்தும் இன்றி ஒரு நாடு தவிக்கையில், பிற நாடுகள் எவ்வாறு உதவுதல் தகும்?

விடை தேட நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை, இலங்கையே சான்று. அத்தீவுக்கும் நம் சமயத்துக்கும் உறவு பழையது. பாண்டுகாபய மன்னன் அநுராதபுரத்தில் நிகண்டத் துறவியர்க்கு உறைவிடம் அமைத்ததை மகாவமிசம் கூறுகிறது. நம் கோச்சடைக்குத் தெற்கேயுள்ள திருப்பரங்குன்றத்துக் குகையில் அறப்பணி செய்தவருள் ஒருவர் எருக்காட்டூர் ஈழக் குடும்பிகன் போலாலயன் என்பதைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு காட்டுகிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஈழத்தார் கை இங்கே ஈந்தது.

1987 ஜூன் 3ஆம் நாள் இந்தியா படகுகளில் அனுப்பிய உணவுப் பொருள்களை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் நம் விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொதிகளை இட்டன. ஜூலை 29இல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அமைதி காக்கும் படை சென்றது. அக்டோபரில் அப்படையே விடுதலைப் புலிகளோடு போரிட்டது. யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளரும் மருத்துவரும் கொல்லப்பட்டனர். 1990 மார்ச்சில் படை திரும்புமுன் இந்திய வீரர் ஏறத்தாழ 1,200 பேர் உயிரிழந்தனர்.

இம்சையைச் சங்கற்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நம் நூல்கள் பகுக்கின்றன. கொல்லும் கருத்தோடு செய்வது சங்கற்பம். தற்காப்பில் நேர்வது விரோதம். படையை அனுப்பியோர் கொலை கருதி அனுப்பினர் என நாம் கூறத் துணியோம். ஆயினும், கருத்து தூயதாக இருப்பது மட்டும் அபயமாகிவிடாது. பெறுபவர் கொடுப்பவரையே கண்டு அஞ்ச நேரின், அங்கே அபய தானம் நிகழவில்லை.

2022இல் மற்றொரு துயர் வந்தது. வெளிநாட்டுக் கடனை அடைக்க இயலாதென அவ்வரசு ஏப்ரலில் அறிவித்தது. எரிபொருளும் மருந்தும் அரிதாயின. ஜூலையில் அதிபர் நாட்டைவிட்டு நீங்கினார். இந்தியா அவ்வாண்டில் ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்கு உதவிற்று. 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துகள் ஆகியவற்றை அனுப்பத் தமிழக அரசு முன்வந்தது. மே 18ஆம் நாள் சென்னையிலிருந்து முதற்கப்பல் புறப்பட்டது. முதலில் தமிழர்க்கென எண்ணிய அவ்வுதவியைப் பாகுபாடின்றி எல்லா மக்களுக்கும் அளிக்குமாறு அந்நாட்டுத் தமிழ்த் தலைவர்களே வேண்டினர். 2009இல் முடிந்த போரின் புண் ஆறாத மக்கள் சார்பில் எழுந்த வேண்டுகோள் அது! உத்தம க்ஷமைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறென்ன வேண்டும்?

தவறாக ஆண்டவரின் நாட்டுக்கு உதவுவது தவற்றுக்குத் துணைபோவதன்றோ எனச் சிலர் வினவலாம். பாத்திர தானம் பெறுபவரின் தகுதி நோக்குவது. கருணா தானம் துன்பம் ஒன்றையே நோக்குவது. 2023 மார்ச்சில் பன்னாட்டு நிதியம் ஏறத்தாழ 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தபோது நிபந்தனைகள் விதித்தது. கடன் கொடுப்போர் ஆள்வோரின் ஒழுங்கைக் கேட்பது முறையே. ஆனால், உயர்த்தப்பட்ட வரியும் மின்கட்டணமும் எளியோர் தலையிலும் விழுந்தன. நிபந்தனை ஆள்வோரைக் கட்டுக, பசித்தோரைக் கட்டாதொழிக.

இவை அரசுகளின் கடமை, நமக்கென்ன என்று இருத்தல் ஆகாது. நம் மதுரை மாவட்டத்து ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் முகாம்களில் ஈழத்திலிருந்து வந்தோர் நெடுங்காலமாக வாழ்கின்றனர். இந்நாட்டிலேயே பிறந்தும் குடியுரிமை பெறாதோர் அவர்களுள் பலர். அவர்தம் பிள்ளைகளுக்கு நூலும் பாடமும் அளித்தல் சாத்திர தானம். அயலாரென்று ஒதுக்காமல் அருகில் அமர்த்துதல் அபய தானம். பொருள் வரைதல் என்னும் அணுவிரதம் பூண்ட குடும்பங்கள், வரைந்தபின் எஞ்சும் பொருளில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்குவார்களாக.

வாழ்க நல்லறம்!