முதல் பல்லின் வயது

ஆடியில் காவிரி மசக்கையாக இருக்கிறாள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். வாய்க்குப் பிடிக்காதவளுக்குப் புளிப்பாக ஏதாவது வேண்டுமல்லவா? அதனால்தான் புளிச்சோறும் எலுமிச்சைச்சோறும் கட்டிக்கொண்டு முக்கொம்புக்குப் போவது. மேலணை மதகுகளின் இரைச்சல் கேட்கும் தூரத்தில், மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் தங்கையின் மகனுக்கு ஏழு மாதம். மடியில் இருந்தவன் என் விரலை இழுத்து வாய்க்குள் வைத்துக்கொண்டு கடித்தான். கீழ் ஈறில் ஏதோ நெருடியது.

"பல்லு வந்துருச்சு" என்றார் அவனுடைய அப்பாயி. குரலில் அப்படி ஒரு நிம்மதி. ஒரு வாரமாக அவன் படுத்திய பாட்டுக்கெல்லாம் காரணம் கிடைத்துவிட்டது.

●

வந்துவிட்டது என்கிறோம். எப்போது கிளம்பியது?

கரு உண்டாகி ஆறாவது வாரம். தாளிக்கும் வாசம் பட்டாலே என் தங்கை எழுந்து ஓடிய நாட்கள் அவை. ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லாத உடம்பில், வாயாகப் போகிற இடத்தின் தோல் ஒரு வரியாகத் தடித்து உள்ளே மடிகிறது. பல்லின் தொடக்கம் அதுதான். நான்காம் மாதத்தில் அதன்மேல் சுண்ணாம்புச் சத்து படிய ஆரம்பிக்கிறது. குழந்தை பிறக்கும்போது இருபது பால்பற்களும் ஏதோ ஒரு நிலையில் தாடைக்குள் இருக்கின்றன. பொக்கை வாய்ச் சிரிப்பு என்று நாம் கொஞ்சுவதெல்லாம் இருபது பல்லையும் உள்ளே வைத்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சேதி ஒன்று உண்டு. பல்லின் எனாமல் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் படிவது. பிறந்த நாளின் அதிர்ச்சியில் அந்த வேலை சற்றுத் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் நுண்ணோக்கியில் தெரியும் ஒரு கோடாக எனாமலுக்குள் நின்றுவிடும். கோட்டுக்கு ஒரு பக்கம் வயிற்றில் இருந்தபோது படிந்தது, மறுபக்கம் வெளியே வந்தபின் படிந்தது. பால்பல் ஒவ்வொன்றிலும் பிறந்த நாள் எழுதியிருக்கிறது. ஏழு வயதில் அந்தப் பல் விழும்போது கூரைமேல் வீசிவிடுவோம்.

●

பல் எப்படி மேலே வருகிறது? வேர் வளர்ந்து முட்டித் தள்ளுகிறது என்றுதான் நானும் நினைத்தேன். 1980-களில் காஹில், மார்க்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் நாய்க்குட்டிகளிடம் இதைச் சோதித்தார்கள். முளைக்காத பல்லைச் சுற்றி மெல்லிய பை ஒன்று இருக்கும். பையை எடுத்துவிட்டால் பல் அசையவில்லை. பையை விட்டுவிட்டு, பல்லை எடுத்து அந்த இடத்தில் பொய்ப்பல்லை வைத்தார்கள். அது மேலே வந்தது!

வேலை செய்வது பைதான். அது அனுப்பும் ரசாயனச் சேதிகளைக் கேட்டு, எலும்பைக் கரைக்கும் செல்கள் மேற்பக்கம் கூடி வழி திறக்கின்றன. கீழ்ப்பக்கம் புது எலும்பு படிகிறது. கடைசியில் பல்லின் மேலுறையும் ஈறின் தோலும் ஒட்டிக்கொண்டு, ஒட்டிய இடத்தின் நடுப்பகுதி தானாகச் சிதைந்து திறக்கிறது. பல் ஈறைக் கிழிப்பதில்லை. ரத்தம் வராததற்கு அதுதான் காரணம்.

ஆனால் இந்தச் சேதிகளில் சில, உடம்பு அழற்சியின்போது பயன்படுத்தும் அதே சேதிகள். 2003-இல் ஜெருசலேம் ஆய்வாளர்கள் சிலர் முளைக்கும் பல்லின் ஓரத்தில் ஊறும் நீரை எடுத்து அளந்தார்கள். இன்டர்லூகின் போன்ற அழற்சிப் பொருட்கள் அதில் கூடியிருந்தன. ஈறு சிவப்பது, தடிப்பது, அரிப்பது, கிடைத்ததையெல்லாம் கடிப்பது, உடம்பு லேசாகக் கதகதப்பது எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கவேண்டும்.

●

காதை இழுக்கிறான். மூன்று நாளாக இடது காது.

முகத்தின் உணர்வையெல்லாம் மூளைக்குக் கொண்டுபோகும் பெரிய நரம்புக்கு மூன்று கிளைகள். கீழ்த்தாடைக் கிளையில்தான் கீழ்ப்பல்லும் சேர்கிறது, காதின் முன்பக்கமும் சேர்கிறது. முக்கொம்பில் நின்று ஒரு கை தண்ணீரை அள்ளி, இது பவானித் தண்ணீரா அமராவதித் தண்ணீரா என்று யாராலும் சொல்ல முடியாது. பல்லின் சேதியும் காதின் சேதியும் ஒரே நரம்பில் கலந்து ஏறும்போது மூளைக்கும் அதே கதிதான். சில சமயம் காதே சீழ் பிடித்திருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

●

எச்சில் வேறு கதை. பிறந்து மூன்றாம் மாதத்தை ஒட்டி உமிழ்நீர்ச் சுரப்பிகள் மும்முரமாகிவிடுகின்றன. அதை விழுங்கும் பழக்கம் பின்னால்தான் வருகிறது. எனவே பல்லுக்கு வெகு நாள் முன்பே சட்டை நனைகிறது.

●

"பல்லு பேதிதான், தன்னால நின்னுடும்." அப்பாயி சொன்னபோது நான் பேசாமல் இருந்தேன். இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். உரைமருந்துக் கல்லைத் தெரிந்தவர். ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வுக்காக 125 குழந்தைகளின் பெற்றோர் தினமும் குறிப்பெழுதினார்கள். பல் தெரிந்த நாளை ஒட்டிய எட்டு நாட்களில் கூடியவை: கடித்தல், எச்சில், சிணுங்கல், காது தேய்த்தல், கெட்டி உணவை மறுத்தல், சிறு சூடு. கூடாதவை: பேதி, வாந்தி, இருமல், கடும் காய்ச்சல்.

அப்படியானால் பல் முளைக்கும் மாதங்களில் ஏன் இத்தனை நோய்? அம்மாவிடமிருந்து தொப்புள்கொடி வழியே வந்த எதிர்ப்புப் புரதங்கள் ஆறாம் மாதத்துக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடுகின்றன. அப்போதுதான் சோறும் தண்ணீரும் தொடங்குகிறோம். அப்போதுதான் அவன் தவழ்ந்துபோய்த் தரையில் கிடப்பதை வாயில் போடுகிறான். ஈறு அரிப்பதால் இன்னும் அதிகமாகப் போடுகிறான். இவற்றில் கண்ணுக்குத் தெரிவது பல் ஒன்றுதான். பழியும் அதற்குத்தான்.

பழி போட்டால் பல்லுக்கு நஷ்டமில்லை. 1839-இல் இங்கிலாந்து, வேல்ஸ் மரணப் பதிவேட்டில் 5,016 பிள்ளைகளின் சாவுக்குக் காரணமாகப் பல் முளைத்தலை எழுதினார்கள். வேறு நோய்களில் போனவர்கள் அந்தப் பெயரில் மறைந்துபோனார்கள். வைத்தியமும் கொன்றது: ஈறைக் கத்தியால் கீறினார்கள், பாதரசப் பொடி கொடுத்தார்கள். கை கால் சிவந்து தோல் உரியும் ஒரு நோய், அந்தப் பொடி 1950-களில் கடைகளிலிருந்து போனதும் ஏறக்குறைய காணாமல் போயிற்று. 2008-இல்கூட நைஜீரியாவில் நச்சுக் கரைப்பான் கலந்த பல் முளைப்பு மருந்தைக் குடித்து 80-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள்.

மேல்பல் முதலில் வந்தால் மாமனுக்கு ஆகாது என்ற நம்பிக்கையை நான் இதோடு சேர்க்கமாட்டேன். அதனால் யாரும் செத்ததில்லை. எங்கள் தம்பிக்குத்தான் கொஞ்ச நாள் கிலி. கீழ்ப்பல் என்றதும் அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

●

பேதிக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைத்துக் கொடுத்தோம். 1971-இல் வங்காள எல்லையில், பனகாவ் அகதி முகாமில், திலீப் மகாலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரை வாய் வழியாகக் கொடுத்தே காலராக்காரர்களைக் காப்பாற்றினார். அந்த வழியில் வந்த பொட்டலம். கூடவே 14 நாளைக்குத் துத்தநாக மருந்து. தாய்ப்பாலை நிறுத்தவில்லை. அப்பாயி மறுப்புச் சொல்லவில்லை. கரண்டியில் அவர்தான் ஊட்டினார், பொறுமையாக, அவன் துப்பத் துப்ப.

ஈறுக்குச் சுத்தமான விரலால் அழுத்தித் தேய்ப்பதும், குளிரவைத்த ஈரத்துணியும் போதும். மரத்துப்போகச் செய்யும் களிம்பு வேண்டாம். அதில் உள்ள பென்சோகெய்ன் பச்சிளம் பிள்ளைகளுக்கு ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதையே கெடுக்கக்கூடும். உடம்புச் சூடு 100.4 டிகிரியைத் தொட்டால் பல்லை விட்டுவிட்டு வேறு காரணம் தேடவேண்டும்.

இன்னும் பத்தொன்பது பாக்கி. கடைசிக் கடைவாய்ப்பற்கள் வர இரண்டு, இரண்டரை வயதாகிவிடும். அதற்குள் பேச்சு வந்திருக்கும். காதா பல்லா என்று அவனையே கேட்டுக்கொள்ளலாம்.