கேள்வியே கேட்காத நேர்காணல்

2024 ஜூலை 16 அன்று மும்பை கலினாவில் நடந்ததை நேர்காணல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விமான நிலையத்தில் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலைக்கு ஆள் எடுக்க, ஏஐ ஏர்போர்ட் சர்வீசஸ் நிறுவனம் நேரில் வரச்சொல்லி விளம்பரம் கொடுத்திருந்தது. 2,216 இடங்கள். பத்தாவது பாஸ் போதும். மாதம் சுமார் 22,500 ரூபாய், அதுவும் ஒப்பந்த அடிப்படையில். வந்து குவிந்தவர்கள் ஏறக்குறைய 25,000 பேர் என்று செய்திகள் கூறின. வாசலில் தள்ளுமுள்ளு, மிதிபட்டுச் சாவு நேராதது பெரும் அதிர்ஷ்டம். கடைசியில், பயோடேட்டாவைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள் என்று கூட்டத்தைக் கலைத்தார்கள்.

புல்டாணா மாவட்டத்திலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்த ஒரு மாணவர், பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிப்பவர், வேலை கிடைத்தால் படிப்பை விட்டுவிடத் தயார் என்று நிருபரிடம் சொன்னார். எம்.காம். முடித்தவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

எங்கள் காட்கோபருக்கு கலினா எட்டும் தூரம்தான். குர்லாவில் இறங்கி பஸ் பிடித்தால் போதும். இந்தப் பக்கத்துப் பையன்கள், காமராஜ் நகரிலும் ரமாபாய் நகரிலும் வளர்ந்தவர்கள், இப்படி ஓர் அழைப்புக்குத் தயாராவதைப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் மாலையே ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடையில் நிற்பார்கள். மார்க்‌ஷீட், ஆதார், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் இரண்டு நகல். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவின் பின்பக்கம் பெயரை எழுதும்போது மை முன்பக்கம் இறங்கிவிடுமோ என்று பேனாவை அழுத்தாமல் பிடிப்பார்கள். அண்ணனின் முழுக்கைச் சட்டை இஸ்திரிக்குப் போகும். தினக்கூலிக்குப் போகிறவனுக்கு மறுநாள் சம்பளம் கிடையாது. இந்த நிறுவனத்தின் விளம்பரங்களில் விண்ணப்பக் கட்டணமும் உண்டு: 500 ரூபாய்க்கு டிடி, திரும்பக் கிடைக்காது, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் மட்டும் விலக்கு.

நேரில் வாருங்கள் என்று சொல்வதால் நிறுவனத்துக்குச் செலவு மிச்சம். மிச்சமாகும் அந்தச் செலவு வேலை இல்லாதவன் தலையில் விழுகிறது.

கூட்டத்தை எதிர்பார்க்கவில்லை என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். கலினாவுக்கு ஐந்து வாரம் முன்பு, ஜூன் 9 அன்று, தமிழ்நாட்டில் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு நடந்தது. அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம். ஆளுக்கொரு ஹால் டிக்கெட், ஒரு மையம், ஒரு நேரம். வேலை கிடைக்காதவர்கள்தான் அங்கும் மிகப் பெரும்பாலோர். ஆனாலும் ஒவ்வொருவருக்கும் உட்கார ஒரு பெஞ்சு இருந்தது. எழுதிய விடைத்தாளைத் திருத்தியாக வேண்டிய கடமை அரசுக்கு இருந்தது. 25,000 பேரைக் காலை, மாலை என்று பிரித்துப் பத்து நாளில் பார்ப்பது நடக்காத காரியமா என்ன?

மும்பையில் வேலைச் சண்டைக்குத் தமிழன் புதியவன் அல்ல. 1966இல் சிவசேனை பிறப்பதற்கு முன்பே, பால் தாக்கரேயின் ‘மார்மிக்’ பத்திரிகை கம்பெனி கம்பெனியாகத் தென்னிந்திய அதிகாரிகளின் பெயர்களைப் பட்டியல் போட்டது. மாட்டுங்காவில் குடியேறி, ஷார்ட்ஹேண்டும் டைப்ரைட்டிங்கும் படித்து ஆபீசுக்குப் போனவர்கள் மராட்டியப் பிள்ளைகளின் வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்பது அன்றைய குற்றச்சாட்டு. அடி வாங்கியவர்களும் உண்டு. அந்தக் கோபம் தவறான ஆள்மீது பாய்ந்தது என்றே இன்றும் நினைக்கிறேன். மராட்டியப் பையனுக்கு வேலை தராமல் போனது பக்கத்து மேஜைத் தமிழன் அல்ல. கலினாவில் மொழி பார்த்து யாரையும் ஒதுக்கவில்லை; எல்லோரையும் ஒன்றாகவே திருப்பி அனுப்பினார்கள்.

வேலை இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னால் வலிக்கும். ஆனால் அப்படிச் சொல்லும்போது எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்; நம் பெயரைப் படிக்கிறார்; எந்த ஊர் என்று கேட்கிறார். தேறாதவன்கூடத் தன்னைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள் என்று வீடு திரும்பலாம். அந்த வாய்ப்பு கலினாவில் கிடைக்கவில்லை.

ஆகவே என் கோரிக்கை சிறியது. அழைத்த நிறுவனம் வந்தவர்களைப் பார்க்க வேண்டும். பார்க்க முடியாவிட்டால் வேறு தேதியும் நேரமும் எழுத்தில் தர வேண்டும். 500 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். வாங்கி வைத்த ஒவ்வொரு பயோடேட்டாவுக்கும் உண்டு அல்லது இல்லை என்று ஒரு எஸ்எம்எஸ்ஸாவது அனுப்ப வேண்டும்.