அடைத்த கதவும் பிறர் பெயரும்

மனிதன் எழுதக் கற்றுக்கொண்ட நாள்தொட்டு, ‘இதை எழுதியவர் யார்?’ என்னும் வினாவும் அவனுடன் சேர்ந்தே வந்திருக்கிறது. நேரில் பேசுகிறவரின் முகம் தெரியும், குரல் தெரியும். மடலில் வருகிறவருக்கு முகமும் இல்லை, குரலும் இல்லை. பெயர் ஒன்றே உண்டு. அந்தப் பெயரை நம்பியே நாம் மடலைப் படிக்கிறோம், மறுமொழி எழுதுகிறோம், சில வேளைகளில் பகைக்கவும் செய்கிறோம். அப்பெயரை உரியவர் அறியாமல் வேறொருவர் எடுத்துக்கொண்டு எழுதினால் அதனை எவ்வகைக் குற்றம் என்பது? தமக்குக் கதவடைக்கப்பட்டது என்னும் மனக்குறையால் ஒருவர் அவ்வாறு செய்தால், அம்மனக்குறை குற்றத்தைக் குறைக்குமா? மின்னஞ்சல் வழியே கூடிப் பேசும் குழுக்கள் பெருகிவிட்ட இக்காலத்தில் இவ்வினா ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒருசேர உரியதாகும்.

முதலில் மின்னஞ்சலின் இயல்பை அறிந்துகொள்வது நலம். 1982ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜான் போஸ்டல் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்து வெளியிட்ட எளிய அஞ்சல் பரிமாற்ற நெறிமுறை, இன்றைய மின்னஞ்சலுக்கு அடித்தளமாக விளங்குவது. அனுப்புநர் பெயராக எழுதப்பட்டிருப்பது உண்மையா என்று ஆராயும் ஏற்பாடு எதுவும் அந்நெறிமுறையில் இல்லை. தபால் உறையின் பின்புறத்தில் யார் பெயரை எழுதினாலும் அஞ்சல்காரர் கொண்டுபோய்ச் சேர்ப்பதைப் போன்றதே இதுவும். அன்று அவ்வலையில் இருந்தவர்கள் பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் சேர்ந்த சிலரே. சிற்றூரில் கதவைத் தாழிடாமல் உறங்குவோரைப் போல அவர்கள் ஒருவரையொருவர் நம்பினர்.

அந்நம்பிக்கை எவ்வளவு எளிதில் ஏமாறக்கூடியது என்பதை 1984ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் காட்டியது. அமெரிக்க மாணவர்கள் தொடங்கிவைத்த ‘யூஸ்நெட்’ என்னும் கணினிச் செய்தி வலையில், சோவியத் தலைவர் செர்னென்கோவின் பெயரால் ஒரு மடல் வந்தது. சோவியத் ஒன்றியமும் அவ்வலையில் சேர்ந்துவிட்டது என்று அது அறிவித்தது. அதனை எழுதியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த பீட் பீர்ட்டெமா என்பவர். முட்டாள்கள் தினத்து விளையாட்டு அது, பலர் நம்பினர், பின்னர்ச் சிரித்தனர். ஆனால், 1990ஆம் ஆண்டு மாஸ்கோவிலிருந்து உண்மையாகவே ஒரு கணினி அவ்வலையில் சேர்ந்தபோது, இதுவும் முன்போல் ஒரு விளையாட்டோ என்று ஐயுற்றவர்கள் இருந்தனர். உண்மையாளர்கள் தாம் உண்மையாளர்களே என்று மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. தீங்கு கருதாத பொய்மடலே ஆறாண்டுகள் கழித்தும் ஒரு மெய்ம்மடலின் மீது நிழல் வீழ்த்தியது எனின், தீங்கு கருதி எழுதப்படுவன என்ன செய்யா!

கூட்டம் பெருகினால் ஒழுங்கு வேண்டும். ஒழுங்கு வேண்டின் வாயிலில் காவல் வேண்டும். அந்த வலையிலும் சில குழுக்களுக்கு நெறியாளர்கள் அமர்த்தப்பட்டனர். நெறியாளர் ஒப்புதல் அளித்த மடலே குழுவில் வெளியாகும். ஒப்புதல் பெற்றது என்பதற்கு அடையாளம் மடலின் தலைப்பில் இடம்பெறும் ஒரு வரி. விரகு அறிந்தவர் எவரும் அவ்வரியைத் தாமே எழுதிக்கொள்ளலாம் என்பதுதான் விந்தை. ஏட்டில் எழுதிய பூட்டு அது. ஏட்டில் எழுதிய திறவுகோலே அதற்குப் போதுமானதாக இருந்தது.

இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டிய உண்மை ஒன்று உண்டு. கதவு திறந்திருக்கும்வரை பெயர் என்பது வெறும் அடையாளம். கதவு அடைபட்டபின் அதுவே திறவுகோலாகிவிடுகிறது. உள்ளே செல்ல உரிமை உடையவரின் பெயருக்கு ஒரு விலை ஏற்பட்டுவிடுகிறது. விலை ஏற்பட்ட பொருளைக் களவாடவும் ஆட்கள் தோன்றுவர். ஆகவே, கட்டுப்பாடு விதிக்கும் ஒவ்வொரு குழுவும், தன்னை அறியாமலேயே, தன் உறுப்பினர்களின் பெயர்களைக் களவுக்கு உரிய பொருளாக்கிவிடுகிறது எனலாம்.

பிறர் பெயரில் எழுதுகிறவர் தம் செயலுக்கு மூன்று காரணங்கள் கூறக்கூடும். ‘என்னை அநீதியாக வெளியே தள்ளினார்கள், வேறு வழியில்லை’ என்பது முதலாவது. நம் ஊர்ச் சங்கங்களிலும் ஆலயக் குழுக்களிலும் நெடுங்காலமாக உலவிவரும் மொட்டைக் கடிதத்தை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். மொட்டைக் கடிதம் போற்றத் தக்கதன்று. எனினும் அதை எழுதுபவர் தம் பெயரை மறைக்கிறாரே அன்றிப் பிறர் பெயரைத் திருடுவதில்லை. வலியவர்க்கு அஞ்சும் எளியவர் சில வேளை அவ்வாறு எழுத நேரலாம். படிப்பவரும், ‘இதற்கு உடையவர் இல்லை’ என்று அறிந்தே படிக்கிறார். பிறர் பெயரில் எழுதுபவரோ, தாம் சொல்லுக்குப் பொறுப்பேற்காததோடு நில்லாமல், அப்பொறுப்பைக் குற்றமற்ற ஒருவர் தலையில் ஏற்றிவைக்கிறார். அவருக்கு அநீதி இழைத்தவர் நெறியாளர். அவர் பழி சுமத்துவதோ வேறொருவர் மீது. ஓர் அநீதிக்கு மற்றோர் அநீதி எவ்வாறு மருந்தாகும்?

‘நான் எழுதிய செய்தி உண்மை, பெயர் மட்டுமே பொய்’ என்பது இரண்டாவது. இதற்கு விடையாக வரலாறு பிரெஞ்சு நாட்டு நிகழ்ச்சி ஒன்றைத் தருகிறது. 1894ஆம் ஆண்டு, பகைநாட்டுக்கு ஒற்றுவேலை செய்தார் என்று கேப்டன் டிரெய்ஃபஸ் தண்டிக்கப்பட்டார். அவர் குற்றவாளியே என்று உறுதியாக நம்பிய ஹென்றி என்னும் இராணுவ அதிகாரி, அந்நம்பிக்கைக்குச் சான்று போதாமையால், 1896ஆம் ஆண்டு இத்தாலியத் தூதரக அதிகாரியின் பெயரால் ஒரு கடிதத்தை ஒட்டிச் சேர்த்து உருவாக்கினார். 1898ஆம் ஆண்டு ஜூலையில் போர் அமைச்சர் அக்கடிதத்தை நாடாளுமன்றத்திலேயே சான்றாகப் படித்தார். அடுத்த மாதமே, ஒட்டிய தாள்களின் கோட்டு நிறங்கள் வேறுபட்டிருந்ததால் பொய் வெளிப்பட்டது. ஹென்றி சிறையில் தம் உயிரைப் போக்கிக்கொண்டார். 1906ஆம் ஆண்டு டிரெய்ஃபஸ் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டார். அப்பொய்க்கடிதத்தை நாட்டுப்பற்றினால் செய்த செயல் என்று புகழ்ந்தோரும் அன்று இருந்தனர்! உண்மைக்குத் துணையாகப் பொய்யைக் கொண்டுவருகிறோம் என்று நினைப்பவர், தாம் உண்மையென்று நம்புவதே பொய்யாக இருக்கலாம் என்பதை மறந்துவிடுகின்றனர்.

‘நன்மைக்காகப் பொய் சொல்லலாம் என்று வள்ளுவரே கூறவில்லையா?’ என்பது மூன்றாவது. வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் பொய்ம்மைக்கு அளித்த விலக்கு பெரியதுதான். ஆயினும் அவ்விலக்கிற்கு அவர் இட்ட வேலியும் பெரிது. விளையும் நன்மை குற்றமற்றதாக இருத்தல் வேண்டும் என்பதே அவ்வேலி. பிறர் பெயரைத் திருடி எழுதும் மடலில், பெயருக்கு உரியவர் அடையும் தீங்கு தொடக்கத்திலேயே உண்டு. எனவே அது எந்த நாளும் அவ்வேலிக்குள் வர இயலாது.

இத்தீங்கு ஒருவரோடு முடிவதும் இல்லை. பெயர் திருடப்பட்டவர், ‘நான் எழுதவில்லை’ என்று சொல்லலாம். எழுதாமையை மெய்ப்பிக்கச் சான்று எங்கிருந்து கொண்டுவருவார்? நண்பர் கூட அரைமனத்தோடு தலையசைப்பார். அதனினும் கொடியது மற்றொன்று. பொய்ம்மடல்கள் உலவத் தொடங்கிய குழுவில், உண்மையாகவே இழிசொல் எழுதியவரும், ‘அது என்னுடையது அன்று’ என்று தப்பித்துக்கொள்ள வழி பிறக்கிறது. நல்லவர் சொல் நம்பப்படாமலும் தீயவர் சொல் அவரைச் சேராமலும் போனபின் அங்கே உரையாடல் ஏது?

இவ்வளவு கூறியபின், காவல் நிற்போரின் கடமையையும் கூறாது விடின் நடுநிலை ஆகாது. காரணம் சொல்லாமல் அடைக்கும் கதவு பகையை வளர்க்கும். விதி இன்னது, மீறல் இன்னது, முறையிட வேண்டிய இடம் இன்னது என்று தெளிவாக்காத நெறியாளர், பொய்ம்மடலை நியாயப்படுத்துவதில்லை. ஆயினும் அது முளைப்பதற்குரிய நிலத்தைப் பண்படுத்தி வைக்கிறார். பெரியபுராணத்தில் வரும் திருவெண்ணெய்நல்லூர் அவையை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். முதியவர் ஒருவர் சுந்தரரைத் தமக்கு அடிமை என்று கூறி ஓலை காட்டினார். சினங்கொண்ட சுந்தரர் அவ்வோலையைக் கிழித்தார். வழக்கு அதனால் முடியவில்லை. கிழிபட்டது படியோலை, மூலவோலை என்னிடம் உண்டு என்றார் முதியவர். அவையோர் எவரையும் இகழ்ந்து ஒதுக்கவில்லை; மூலத்தைக் கேட்டுப் பெற்று, பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்பிட்டு நோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறினர். கிழித்தெறிவது எளிது, கேட்டு, ஆராய்ந்து, ஒப்பிட்டுப் பார்ப்பதே அவைக்கு அழகு.

அறிவியலும் தன் பங்கைச் செய்திருக்கிறது. அனுப்பிய கணினி அவ்வாறு அனுப்ப உரிமை உடையதா என்று சோதிக்கும் முறை 2006ஆம் ஆண்டிலும், மடலுக்குக் கணக்கியல் முத்திரை இடும் முறை 2007ஆம் ஆண்டிலும், இவ்விரண்டையும் இணைத்துச் செயற்படுத்தும் முறை 2015ஆம் ஆண்டிலும் ஏட்டு வடிவம் பெற்று வெளியாயின. இவை மடல் எந்த நிறுவனத்தின் வாயில் வழியே வந்தது என்பதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். விசைப்பலகையின் முன் அமர்ந்திருந்தவர் யார் என்பதையோ, அவர் நெஞ்சில் இருந்தது என்ன என்பதையோ எந்த முத்திரையும் காட்டாது. அந்த இடத்தைக் காப்பது அறம் ஒன்றே.

மாணவர்கள் கட்டுரைத் தாளின் மேல் முதலில் எழுதுவது தம் பெயரை. கீழே வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் நானே பொறுப்பு என்னும் உறுதிமொழி அது. கதவு அடைக்கப்பட்டால் தம் பெயரைச் சொல்லித் தட்டுவோம். திறக்கவில்லையெனில் தம் பெயரோடு வெளியே நின்று பேசுவோம். வெளியே நிற்பதில் இழிவு இல்லை. பிறர் முகத்தை அணிந்து உள்ளே போவதில்தான் இழிவு உண்டு. இதனை நம் பிள்ளைகளுக்கு உணர்த்துவது, பிழையற எழுதக் கற்பிப்பதினும் சிறிய பணி அன்று.